கொங்கின் எல்லை சொல்லும் வெண்பாவை அலகிட்டுப் பார்த்தல்: யாப்பு, தொடை, மடக்கு ஆகியவற்றை ஆராய ஒரு முழுமையான வழிகாட்டி

கொங்கு நாட்டின் எல்லை எதுவரை என்ற பேச்சு எழும்போதெல்லாம், படித்த பெரியவர் ஒருவராவது கீழ்க்காணும் தனிப்பாடலைச் சொல்லிவிடுவார்.

வடக்குப் பெரும்பாலை வைகாவூர் தெற்கு
குடக்குப் பொருப்புவெள்ளிக் குன்று – கிடக்கும்
களித்தண் டலைமேவு காவிரிசூழ் நாட்டுக்
குளித்தண் டலையளவு கொங்கு.

வடக்கில் பெரும்பாலை, தெற்கில் பழனியைச் சார்ந்த வைகாவூர், மேற்கில் வெள்ளியங்கிரி, காவிரியின் போக்கில் கிழக்கே குளித்தலை (பாட்டில் குளித்தண்டலை) என்பது இதன் பொருள். எல்லையைத் தெரிந்துகொள்ள மட்டும் இதைப் படிப்பவர் இத்துடன் நின்றுவிடலாம். ஒரு பாட்டின் ஓசை எவ்வாறு கட்டப்பட்டிருக்கிறது என்பதை அறிய விரும்புபவருக்கு, நான்கே அடியில் அசை, தளை, எதுகை, மோனை, மடக்கு என அனைத்தும் கைக்கெட்டும் தொலைவில் அமைந்த இதைவிடப் பொருத்தமான பாட்டு எனக்குத் தெரிந்தவரையில் இல்லை. ஆகவே இவ்வழிகாட்டி பெரும்பகுதியும் இந்த வெண்பாவையே பிடித்துக்கொண்டு செல்லும்.

பள்ளியில் எனக்கு யாப்பு கற்பித்த ஆசிரியர் தேமா, புளிமா, கருவிளம், கூவிளம் என்ற சீர்ப் பெயர்களைப் பெருக்கல் வாய்பாடு போல ஒப்பிக்கச் செய்தார். ஒப்பித்தவர்களுக்கு மதிப்பெண் கிடைத்தது; பாட்டின் ஓசை எதற்காக அப்படி அமைந்தது என்ற கேள்வி வகுப்பில் ஒருமுறைகூட எழவில்லை. அலகிடுவது, அதாவது பாட்டைச் சீர்களாகவும் அசைகளாகவும் பிரித்து அளப்பது, ஒரு சாட்சியை விசாரிப்பதைப் போன்றது என்பது பிற்பாடுதான் எனக்கு விளங்கியது. எந்தச் சொல் கவிஞர் வைத்தது, எந்தச் சொல் பின்னால் வந்தவர்கள் மாற்றியது, எந்த இடத்தில் அவர் ஓசைக்காகப் பொருளை வளைத்தார் என்பவற்றையெல்லாம் அந்தச் சாட்சி சொல்லும்.

முதற்படி: பாடத்தைச் சரியான வடிவில் எழுதிக்கொள்ளுதல்

இன்றைய பதிப்புகள் பலவும் படிப்பவரின் வசதிக்காகப் பதம் பிரித்து அச்சிடப்படுகின்றன. பொருள் அறிய அவை உதவும், அலகிட உதவா. திருச்செங்கோட்டு முருகனை அருணகிரிநாதர் பாடிய கந்தர் அலங்காரப் பாடல் ஒன்றின் கடைசி அடியை, ‘சாந்துணைப் போதும் மறவாதவர்க்கு ஒரு தாழ்வு இல்லையே’ என்று பிரித்து எழுதினால், மெய்யெழுத்துகளை நீக்கி எண்ணும்போது 18 எழுத்துகள் வருகின்றன. ‘சாந்துணைப் போதும் மறவா தவர்க்கொரு தாழ்வில்லையே’ என்று புணர்ச்சியுடன் எழுதினால் 16 எழுத்துகளே வருகின்றன. அந்தப் பாடல் எழுத்தெண்ணிப் பாடும் கட்டளைக் கலித்துறை; அதில் நேரசையில் தொடங்கும் அடிக்கு 16 எழுத்துகள் என்பது விதியாகையால், பிரித்த பாடத்தை வைத்துக் கணக்குப் பார்த்தவர் கவிஞர் தவறிவிட்டார் என்றே முடிவு செய்துவிடுவார்.

அசைகள் சேர்ந்து அமையும் ஓசைத் துண்டே சீர். சீரின் எல்லையும் சொல்லின் எல்லையும் ஒன்றாகவே இருக்க வேண்டும் என்பதில்லை. நம் வெண்பாவில் ‘தண்டலை’ என்ற சொல் ‘தண்’ என்று ஒரு சீரின் இறுதியிலும் ‘டலை’ என்று அடுத்த சீரின் தொடக்கத்திலும் பிளந்து நிற்கிறது. இதற்கு வகையுளி என்று பெயர். முதன்முறை காண்பவருக்கு அச்சுப்பிழை போலத் தோன்றும். அதைத் திருத்தி எழுதிவிடக் கூடாது.

எழுதி முடித்ததும், எழுதுகோலைக் கீழே வைத்துவிட்டு, பாட்டை உரக்க மூன்று முறை படிக்க வேண்டும். எங்கே நா தானாக நிற்கிறது, எங்கே விரைகிறது என்பதை ஓரத்தில் குறித்துக்கொள்ள வேண்டும். பின்னர் வரும் கணக்கு இந்தக் குறிப்புடன் ஒத்துப்போகிறதா என்று பார்ப்பதில்தான் சுவையே இருக்கிறது.

இரண்டாம் படி: அசை பிரித்தல்

சீரை ஆக்கும் சிறு துண்டு அசை. குறிலோ நெடிலோ தனித்து வந்தாலும், மெய்யெழுத்து அடுத்து வந்தாலும் நேரசை. இரண்டு குறில்கள் இணைந்தோ, குறிலும் நெடிலும் இணைந்தோ வந்தாலும், அவற்றை அடுத்து மெய் வந்தாலும் நிரையசை. விதி இவ்வளவே. புதியவர்கள் தடுமாறுவது ஓரிடத்தில்தான்: சீரின் நடுவில் ஒரு குறில், மெய் அடுத்து வராமல் நின்றால், அதைத் தனியே விடாமல் அடுத்த எழுத்துடன் சேர்க்க வேண்டும். ‘பொருப்புவெள்ளிக்’ என்ற சீரைப் பொருப்|பு|வெள்|ளிக் என்று நான்காக வெட்டுவது தவறு. பொருப்|புவெள்|ளிக் என்று மூன்றாகவே வெட்ட வேண்டும். நெடில் மட்டும் தனக்குப் பின்னால் வரும் எழுத்தைச் சேர்த்துக்கொள்ளாது.

நேர்நேர் தேமா, நிரைநேர் புளிமா, நிரைநிரை கருவிளம், நேர்நிரை கூவிளம். இவற்றின்பின் ஒரு நேர் சேர்ந்தால் தேமாங்காய், புளிமாங்காய் என்று காய்ச்சீராகும். வெண்பாவின் கடைசிச் சீருக்கு மட்டும் காசு போன்ற தனி வாய்பாடுகள் உண்டு. இவ்வாறு வெட்டினால் நம் வெண்பா பின்வருமாறு அமையும்.

வடக்|குப் (புளிமா), பெரும்|பா|லை (புளிமாங்காய்), வை|கா|வூர் (தேமாங்காய்), தெற்|கு (தேமா)
குடக்|குப் (புளிமா), பொருப்|புவெள்|ளிக் (கருவிளங்காய்), குன்|று (தேமா), கிடக்|கும் (புளிமா)
களித்|தண் (புளிமா), டலை|மே|வு (புளிமாங்காய்), கா|விரி|சூழ் (கூவிளங்காய்), நாட்|டுக் (தேமா)
குளித்|தண் (புளிமா), டலை|யள|வு (கருவிளங்காய்), கொங்|கு (காசு)

ஐகாரத்தைப் பற்றி ஒரு சொல். சொல்லின் முதலில் வரும் ஐகாரம் அசை பிரிக்கையில் நெடிலாகவும், இடையிலும் இறுதியிலும் வருவது குறிலாகவும் கொள்ளப்படும். ‘வைகாவூர்’ என்பதில் ‘வை’யைக் குறிலாகக் கருதி ‘வைகா’ என்று நிரையாக்கினால், அதற்கு முந்தைய ‘பெரும்பாலை’ என்ற காய்ச்சீரின் முன் நிரை வந்து, வெண்பாவில் வரக்கூடாத கலித்தளை பிறந்துவிடும். ஓர் ஐயத்தை அடுத்த படியின் விதி இவ்வாறு தீர்த்துவைப்பது அலகிடுவதில் அடிக்கடி நிகழ்வது. ஆகவே ஒரு சீரில் ஐயம் எழுந்தால் அங்கேயே நின்றுவிடாமல், அதைக் குறித்துவிட்டு முன்னே செல்வது நல்லது.

மூன்றாம் படி: தளை பார்த்தல்

சீர்களுக்கு வாய்பாடு எழுதுவதோடு பலர் நிறுத்திவிடுகிறார்கள். உண்மையில் ஓசை பிறப்பது சீருக்குள் அன்று. ஒரு சீர் முடிந்து அடுத்த சீர் தொடங்கும் பொருத்தில்தான் அது பிறக்கிறது. அந்தப் பொருத்தே தளை; வெண்பாவுக்கு உரியது வெண்டளை. வெண்பாவில் மாச்சீரின் முன் நிரையும், விளச்சீரின் முன் நேரும், காய்ச்சீரின் முன் நேரும் மட்டுமே வரலாம். அதாவது, ஈரசைச் சீரில் நின்ற அசைக்கு மாறான அசையே வந்து சேரும். மூவசைச் சீரில் நேரின் முன் நேரே வரும்.

15 சீர்களுக்கு இடையில் 14 பொருத்துகள் உள்ளன. அடி முடிந்து அடுத்த அடி தொடங்கும் இடத்தையும் சேர்த்தே எண்ண வேண்டும். எண்ணிப் பார்த்தால், மா முன் நிரை 8 இடங்களிலும், காய் முன் நேர் 6 இடங்களிலும் வருகின்றன. விளச்சீர் ஒன்றுகூட இல்லை. ஈரசைச் சீர்கள் எல்லாம் மாச்சீர்களாகவே அமைந்திருப்பதால், ஒவ்வொன்றும் நேரில் வந்து நின்று, அடுத்தது தவறாமல் நிரையில் எழும்புகிறது. உரக்கப் படித்தபோது ‘வடக்குப்’, ‘குடக்குப்’, ‘களித்தண்’, ‘குளித்தண்’ என்ற நான்கு அடித் தொடக்கங்களிலும் ஒரே மாதிரி எட்டு வைத்ததாக உணர்ந்திருப்பீர்கள். நான்கும் புளிமா என்பதே அதன் காரணம்.

இனித்தான் சாட்சி பேசத் தொடங்குகிறது. இந்தப் பாட்டுக்கு வேறொரு பாடமும் வழங்குகிறது. அதில் இரண்டாம் அடி ‘குடக்கு வெள்ளிப் பொருப்புக் குன்று’ என்று வருகிறது. ‘வெள்ளிப் பொருப்பு’ என்பது இயல்பான சொல்வரிசையாகையால் கேட்பதற்கு அதுவே சரி என்று தோன்றும். ஆனால் ‘குடக்கு’ என்ற மாச்சீரின் முன் ‘வெள்’ என்ற நேரசை வந்து தளை தட்டுகிறது. ‘குடக்குப் பொருப்புவெள்ளி’ என்று சொல்லை முறை மாற்றி வைத்தால், மாவின் முன் ‘பொருப்’ என்ற நிரை வந்து ஓசை இயைகிறது. பேச்சுவழக்கில் யாரும் ‘பொருப்புவெள்ளி’ என்று சொல்லமாட்டார்கள். அந்த இயல்பின்மையே அது கவிஞர் கைப்பட்ட சொல் என்பதற்குச் சான்று. வாய்மொழியாகச் சொல்லிவந்தவர்கள் நாக்குக்கு எளிதான வரிசைக்கு அதை மாற்றியிருக்க வேண்டும் என்பது என் கணிப்பு.

எல்லா வேறுபாட்டையும் தளை தீர்த்துவிடாது. அதே வேறு பாடத்தில் முதலடி ‘வடக்குத் தலைமலையாம்’ என்றிருக்கிறது. தலை|மலை|யாம் என்பது கருவிளங்காய்; மாவின் முன் நிரையாகவும், ‘வை’ என்ற நேருக்கு முன் காயாகவும் பழுதின்றிப் பொருந்துகிறது. தருமபுரி மாவட்டத்துப் பெரும்பாலையா, சத்தியமங்கலத்து மலைப்பகுதியிலுள்ள தலைமலையா என்ற வழக்கில் யாப்பு வாய் திறக்காது. அதை நில வரலாற்றைப் படித்தவர்களிடம் விட்டுவிட வேண்டும். யாப்பு எங்கே மௌனமாக இருக்கிறதோ, அங்கே அதன் பெயரால் நாம் பேசிவிடக் கூடாது.

நான்காம் படி: பாவகையைத் துணிதல்

இது எளிது. நான்கடி, இறுதியடி மூன்று சீர், வெண்டளை பிறழாமை, ஈற்றுச்சீர் நாள், மலர், காசு, பிறப்பு என்ற நான்கனுள் ஒன்றாதல், இரண்டாமடியின் இறுதியில் கோட்டுக்குப் பின் தனித்து நிற்கும் தனிச்சொல் ஆகியவை இருந்தால் அது நேரிசை வெண்பா. முதலிரண்டடி ஓர் எதுகையும் பின்னிரண்டடி வேறோர் எதுகையும் பெற்றிருப்பதால் இருவிகற்பம். நாற்சீரடிகளில் ஈரசைச் சீர்கள் மிகுந்து நேரின் முன் நேரும் நிரையின் முன் நிரையுமாக ஒன்றி வந்தால் ஆசிரியப்பா. ஐஞ்சீர் நான்கடியாய் ஏகாரத்தில் முடிந்தால் கட்டளைக் கலித்துறையா என்று எழுத்தெண்ணிப் பார்க்க வேண்டும். ஆறு, ஏழு, எட்டுச் சீர்கள் கொண்ட நான்கு அடிகளும் ஒரே அளவில் வந்தால் ஆசிரிய விருத்தம். கொங்குக்காரர் என்று நாம் உரிமை கொண்டாடும் பவணந்தி முனிவரின் நன்னூல் எழுத்தையும் சொல்லையும் மட்டுமே நமக்குத் தருகிறது. யாப்புக்கு அமிதசாகரரின் யாப்பருங்கலக்காரிகையைத்தான் நாட வேண்டும்.

ஐந்தாம் படி: எதுகையும் மோனையும்

எதுகை என்பது முதலெழுத்து அளவொத்து நிற்க, இரண்டாம் எழுத்து ஒன்றி வருவது. ‘வடக்கு’, ‘குடக்கு’, ‘கிடக்கும்’ ஆகிய மூன்றிலும் முதலெழுத்து குறில். அதன்பின் ‘டக்கு’ அப்படியே திரும்ப வருகிறது. ‘களித்தண்’, ‘குளித்தண்’ என்பவை பின்னிரண்டு அடிகளின் எதுகை.

எதுகையைக் கண்டுபிடித்துக் கோடிட்டுவிட்டு நகர்ந்துவிடாமல், அது எந்தச் சொல்லை உள்ளே இழுத்தது, எதை வெளியே தள்ளியது என்று கேட்க வேண்டும். மேற்கு என்ற பழகிய சொல் இங்கே நிற்க முடியாது. ‘தெற்கு’ என்ற மாவின் முன் அது நேராக வந்து தளையைக் கெடுப்பதோடு, எதுகைக்கும் உதவாது. ‘குடக்கு’ என்ற பழஞ்சொல் இரண்டையும் ஒருசேரக் காப்பாற்றுகிறது. தனிச்சொல்லான ‘கிடக்கும்’ என்பதையும் இவ்வாறே சோதிக்கலாம். முன்னர்ச் சொன்ன வேறு பாடம் அவ்விடத்தில் ‘கிழக்கு’ என்று வைத்திருக்கிறது. நான்கு திசைக்கும் பெயர் வந்துவிடுவதால் பொருளுக்கு அது நிறைவாகத் தோன்றும்; அதுவும் நிரையில் தொடங்குவதால் தளையும் தட்டாது. ஆனால் டகரத்துக்கு ழகரம் எதுகையாகாது. தளை விட்டுவிட்டதை இங்கே எதுகை பிடித்துக்கொள்கிறது. அதே நேரத்தில், ‘கிடக்கும்’ என்ற சொல் எதுகைக்காகவே வந்தது என்பதையும் ஒப்புக்கொள்ள வேண்டும். அதை நீக்கினாலும் எல்லையின் பொருள் குறையாது.

மோனை என்பது முதலெழுத்து ஒன்றி வருவது. அதற்கு எழுத்தினங்களை நினைவில் வைத்துக்கொள்ள வேண்டும். அ, ஆ, ஐ, ஔ ஓரினம். இ, ஈ, எ, ஏ ஓரினம். உ, ஊ, ஒ, ஓ ஓரினம். மெய்களில் ச–த, ஞ–ந, ம–வ ஆகியவை தம்முள் மோனையாகும். நம் வெண்பாவில் முதற்சீருக்கும் மூன்றாம் சீருக்கும் இடையே பார்த்தால் வடக்கு–வைகாவூர், குடக்கு–குன்று, களி–காவிரி, குளி–கொங்கு என்று நான்கடியிலும் பொழிப்பு மோனை அமைந்திருக்கிறது. ‘பொருப்பு’ என்றாலே மலைதான். அதன்பின் ‘குன்று’ எதற்கு என்ற கேள்விக்கும் இதுவே விடை. ‘குடக்கு’ தன் மோனையைத் தேடி மூன்றாம் சீரில் ஒரு குகரத்தைக் கேட்டது. ‘கொங்கு’ என்ற நாட்டின் பெயர் கடைசிச் சீராக வந்து நிற்பதும், ‘குளி’ முன்னரே அதற்கு இடம் பிடித்து வைத்ததனால் அவ்வளவு உறுதியாக ஒலிக்கிறது.

ஆறாம் படி: திரும்ப வருவன

மூன்றாமடியில் ‘தண்டலை’ என்பது சோலை. நான்காமடியில் அதே எழுத்துகள் ‘குளித்தண்டலை’ என்ற ஊர்ப்பெயருக்குள் இருக்கின்றன. வந்த எழுத்துத்தொடரே மீண்டும் வந்து வேறு பொருள் தருவதால் இதை மடக்கு என்று சொல்ல வேண்டும். ‘களித்தண் டலை’, ‘குளித்தண் டலை’ என்று இரண்டிடத்திலும் ஒரே முறையில் வகையுளி நேர்ந்திருப்பதையும் காண்க. காவிரிக் கரையின் சோலையைச் சொல்லிவிட்டு, அச்சொல்லையே ஊராக்கிக் காட்டியதால், கிழக்கு என்ற திசைச்சொல் வராமலேயே கிழக்கெல்லை நமக்குப் புலப்பட்டுவிடுகிறது.

திரும்ப வருவதை எண்ணும்போது, எது திரும்ப வந்தது என்பதைவிட, எந்த இடத்தில் அது மாறியது என்பதையே நான் முதலில் தேடுவேன். கந்தர் அலங்காரத்தின் அச்செய்யுள் ‘சேந்தனைக் கந்தனைச் செங்கோட்டு வெற்பனைச் செஞ்சுடர்வேல்’ என்று தொடங்கி, ‘வேந்தனை’, ‘காந்தனை’ என அடிதோறும் முருகனின் பெயர்களை ஐகார உருபுடன் அடுக்கிச் செல்கிறது. மூன்றடி கேட்ட செவி நான்காமடியிலும் மற்றொரு பெயரை எதிர்பார்க்கிறது. வருவதோ ‘சாந்துணை’. எதுகை பிசகாமல் ‘ந்து’ வந்து நிற்கிறது. ஆனால் அது பெயரன்று, ‘சாகும் வரை’ என்னும் பொருளுடையது. ஓசை மாறாமல் பொருள் மட்டும் திரும்பும் இந்த இடத்தை, எதுகைப் பட்டியல் போட்டு முடித்துவிட்டவர் காணாமலே போய்விடுவார்.

நாட்டுப்புறப் பாட்டை எவ்வாறு அணுகுவது?

கும்மியையும் ஒப்பாரியையும் அசை பிரித்து ஆராயலாமா என்று கேட்பவர்கள் உண்டு. அவற்றில் கைத்தட்டே முதற்கணக்கு. அசை அதற்குப் பின்னர்தான். கும்மி மெட்டில் நானே கட்டிய நான்கு வரிகளை எடுத்துக்காட்டாகத் தருகிறேன்.

நொய்யல் கரையிலே கம்பறுத்தோம் – கம்பை
நோவப் புடைச்சுப் பதரெடுத்தோம்
நெய்யும் கருப்பட்டி சேத்திடிச்சோம் – நாலு
நேரம் பசியாற மாவுருண்டை

நொய்யல், கரையிலே, கம்பறுத், தோம் என வரிக்கு நான்கு தட்டுகள். முதல் வரியில் நான்காம் தட்டின் காலத்தைத் ‘தோம் – கம்பை’ நிரப்புகிறது. இரண்டாம் வரியில் நிரப்புவதற்குச் சொல் இல்லாததால், பாடுபவர் ‘தோம்’ என்பதையே நீட்டுவார். ஏட்டில் எழுதிய வரியை மட்டும் பார்ப்பவருக்கு இரண்டாம் வரி குறைந்ததாகத் தோன்றும். ஆகவே முதலில் பாடக் கேட்டு, தட்டு விழும் எழுத்தின் மேல் புள்ளி வைத்துக்கொண்டு, பிறகே அசை பிரிக்க வேண்டும். பிரித்துப் பார்த்தால் இந்த நான்கு வரிகளும் தத்தம் வரிக்குள் வெண்டளையிலேயே நடப்பதைக் காணலாம்; ‘கம்பை’, ‘நாலு’ என்பவற்றுக்குப் பின் வரி மாறும் இடங்களில் மட்டும் அது தட்டும். நொய்–நெய் எதுகை, நொ–நோ, நெ–நே மோனை, ‘கம்பு’ வரியின் இறுதியில் மீண்டும் வந்து அடுத்த வரிக்குக் கைகொடுத்தல், ‘ஓம்’ என்ற இயைபு (இறுதி ஓசை ஒன்றி வருவது) மூன்று முறை வந்து நான்காவதில் ‘மாவுருண்டை’யாக உடைதல் ஆகியவற்றை நீங்களே குறித்துப் பழகலாம். பேச்சுவடிவங்களை ‘சேர்த்திடித்தோம்’ என்று திருத்தி எழுதிவிடாதீர்கள். ஓசைக் கணக்கு பாடியவரின் வாயைப் பொறுத்தது.

புதுக்கவிதைக்கு அசைக்கணக்கு பொருந்தாது. அங்கே வரி முறியும் இடம், மூச்சு நிற்கும் இடம், மீண்டும் வரும் தொடர் ஆகிய மூன்றை மட்டும் பார்த்தால் போதும்.

பழகுவதற்கு ஒரு பயிற்சி

விசயமங்கலத்துக் கார்மேகக் கவிஞரின் கொங்குமண்டல சதகத்தில் செய்யுள்கள் ‘கொங்கு மண்டலமே’ என்று முடிகின்றன. அது கட்டளைக் கலித்துறையில் அமைந்த நூல். ஆகவே ஒவ்வோர் அடியின் ஐந்தாம் சீரும் விளங்காயாக இருக்க வேண்டும். மண்|டல|மே என்பது கூவிளங்காய்; ஏகாரத்திலும் முடிகிறது. நாட்டின் பெயரே யாப்புக்கு அளவெடுத்துத் தைத்ததைப் போல அமைந்துவிட்டது. சிக்கல் அதற்கு முந்தைய சீரில் இருக்கிறது. ‘கொங்கு’ என்பது மட்டும் நான்காம் சீராக நின்றால் அது தேமா. அதன் முன் ‘மண்’ என்ற நேர் வந்தால் வெண்டளை கெடும். அதைக் காக்க வேண்டுமானால், ‘கொங்கு’ என்பதற்கு முன்னால் அதே சீருக்குள் இன்னோர் அசையேனும் வந்து அதைக் காய்ச்சீராக்க வேண்டும். ‘சூழ்கொங்கு’ என்றால் தேமாங்காய். ‘வளர்கொங்கு’ என்றால் புளிமாங்காய். சதகத்தைக் கையிலெடுத்து, ஒவ்வொரு செய்யுளிலும் கொங்குக்கு முன்னால் எந்தச் சொல் வந்து இந்த வேலையைச் செய்கிறது, அந்தச் சொல் பொருளுக்கும் உழைக்கிறதா, தளைக்கு மட்டும் உழைக்கிறதா என்று வரிசையாக எழுதிப் பாருங்கள்.